ஏழு வாய்தாக்களும் ஒரு தள்ளுபடியும்: வழக்கறிஞரை அமர்த்துவோர் கவனத்துக்கு

உரிமையியல் நீதிமன்றத்தில் நான் தொடுத்திருந்த வழக்கு தள்ளுபடியாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன என்பது அந்த ஏழு மாதங்களும் எனக்குத் தெரியாது. மாதந்தோறும் என் வழக்கறிஞரிடம் தொலைபேசியில் கேட்பேன்; அவரோ அவருடைய குமாஸ்தாவோ ஒரு தேதியைச் சொல்வார்கள்; அதை நான் நாட்காட்டியில் குறித்துக்கொள்வேன். தேதி வந்ததும் "நீதிபதி விடுப்பு", "எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டுவிட்டது", "கோர்ட்டைப் புறக்கணித்துவிட்டோம்" என்று ஒவ்வொரு முறையும் நம்பத்தகுந்த ஒரு காரணம் கிடைக்கும். இல்லாத வழக்குக்கு ஏழு வாய்தா கொடுத்தார்கள். இது மற்றவர்களுக்கும் நேரக்கூடியது, அதுவும் மிக எளிதாக நேரக்கூடியது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

வழக்கு சிக்கலானது அன்று. வீடு கட்டித்தருவதாக முன்பணம் பெற்றுக்கொண்டு, அடித்தளத்தோடு வேலையை நிறுத்திவிட்ட ஒப்பந்தக்காரரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான வழக்கு அது. எழுத்து ஒப்பந்தமும் பணம் கொடுத்ததற்கான ஒன்பது ரசீதுகளும் என்னிடம் இருந்தன. தெரிந்தவர் ஒருவர் சொன்ன பேரில் அந்த வழக்கறிஞரைச் சந்திக்கச் சென்றேன். அறையின் மூன்று சுவர்களிலும் தீர்ப்புத் தொகுப்புகள் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. (அந்தத் தொகுப்புகளில் ஒன்றைக்கூட அவர் எடுத்துப் பார்த்ததை நான் பார்த்ததில்லை என்பது பிற்பாடு நினைவுக்கு வந்தது.) காகிதங்களைப் புரட்டக்கூட இல்லை. "கேஸ் நம்ம பக்கம்தான் சார், கவலையே படாதீங்க" என்றார். நான் கவலைப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

கட்டணத்தை இரண்டு பகுதிகளாகச் சொன்னார். முன்கூட்டி ஒரு தொகை. வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு. வசூலானால்தானே கொடுக்கப்போகிறோம், இது நமக்கும் நல்லதுதானே என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குகளில் இப்படிப் பங்கு பேசுவது சட்டப்படி நடப்பதுதான். இந்தியாவிலோ வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. முதல் சந்திப்பிலேயே தன் தொழில் விதியை மீறுகிற ஒருவர் அடுத்த சந்திப்புகளில் எதைக் காப்பாற்றுவார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கொடுத்த பணத்துக்கு ரசீதும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு, ஒன்பது அசல் ரசீதுகளையும் ஒப்புகை எதுவும் வாங்காமல் அவரிடம் ஒப்படைத்தது.

வழக்கு தாக்கலாகி, எதிர்த்தரப்பு பதிலுரையும் போட்டுவிட்டது. அடுத்து வாதித் தரப்புச் சாட்சி விசாரணை. அந்தக் கட்டத்தில் வாதியின் முதல் விசாரணையைப் பிரமாணப் பத்திரமாகவே எழுதித் தாக்கல் செய்வது நடைமுறை. அதில் வாதி கையெழுத்திட வேண்டும், பிறகு கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டும். என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. நீதிமன்றத்துக்கு வரச்சொல்லவும் இல்லை. "நீங்க எதுக்கு சார் அலையணும், நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அந்த அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

உண்மை தெரிய வந்தது தற்செயலாக. என் தங்கை மகள் தன் அலுவலக வேலையாக, நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "மாமா, உங்க கேஸ் நம்பரைச் சொல்லுங்க, பார்ப்போம்" என்றாள். என்னிடம் இருந்தது துண்டுச்சீட்டு ஒன்றில் எழுதிய எண்ணும் ஆண்டும் மட்டுமே. அதைப் போட்டதும் வந்த திரையில், வழக்கின் நிலை "முடிவுற்றது" என்றும், முடிவின் தன்மை "டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்" என்றும் இருந்தது. வாதி முன்னிலையாகாததால் தள்ளுபடி என்று பொருள். கீழே ஒவ்வொரு விசாரணைத் தேதியும், அன்று என்ன நடந்தது என்பதும் வரிசையாக இருந்தன. நாட்காட்டித் தாள்களை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டோம். தள்ளுபடிக்கு முந்தைய நான்கு தேதிகளிலும் வாதித் தரப்பில் யாருமே வரவில்லை. தள்ளுபடிக்குப் பிந்தையவையாக என் கையெழுத்தில் இருந்த ஏழு தேதிகளில் ஒன்றுகூடத் திரையில் இல்லை.

இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரதிவாதி வந்திருந்து வாதி வராமல் போனால் வழக்கைத் தள்ளுபடி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை, 8-ஆம் விதி இடமளிக்கிறது. அப்படித் தள்ளுபடியான பிறகு அதே காரணத்துக்காகப் புதிதாக இன்னொரு வழக்குப் போட முடியாது என்கிறது 9-ஆம் விதி. தள்ளுபடியை நீக்கி, வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கும்படி மனுப் போடுவது ஒன்றே வழி. அதற்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் அவகாசம், தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள். நான் செயலியைப் பார்த்தபோது அந்த 30 நாள் எப்போதோ போய்விட்டிருந்தது. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவை முதலில் போட்டு, தாமதத்துக்கு நீதிமன்றம் ஏற்கத்தக்க காரணம் சொன்ன பிறகுதான் மீட்பு மனுவையே கேட்பார்கள்.

நேரில் போய்க் கேட்டேன். வழக்கறிஞர் பதறவில்லை, வருந்தவும் இல்லை. "இது எல்லா கோர்ட்லயும் நடக்கறதுதான், ஒரு மனு போட்டாச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த பிரமாணப் பத்திரத்தை நீட்டினார். அதில், குறிப்பிட்ட தேதியிலிருந்து எனக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்ததாகவும், நாட்டு மருந்து எடுத்துக்கொண்டு படுக்கையில் கிடந்ததாகவும், அதனால் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்றும் எழுதியிருந்தது. நீதிமன்றப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த மஞ்சள் காமாலை புதிதல்ல. தாமத மனுக்களில் அது பரம்பரை நோய். ஆனால் அந்தத் தாளில் உறுதிமொழி செய்து கையெழுத்திடப்போவது நான். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அவர் செய்த தவறு எனக்கு வந்த நோயாக மாறியிருந்தது. கையெழுத்திட மறுத்து, என் வழக்கு ஆவணங்கள் அடங்கிய கட்டைத் திருப்பிக் கேட்டேன். மீதிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

இரண்டாவதாக நான் நாடிய வழக்கறிஞர், தனியாகத் தொழில் செய்யும் பெண். அவருடைய அறையில் இரண்டு நாற்காலிகளும் ஓர் இரும்பு அலமாரியும்தான் இருந்தன. நான் கொண்டுபோன எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் வாசித்தார். வாசிக்கும்போது எதுவும் பேசவில்லை. பிறகு, "அவர் செய்தது தவறுதான். ஆனால் பதினோரு மாதமாக நீங்கள் ஒருமுறைகூட கோர்ட்டுக்குப் போகவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கோபம் வந்தது. ஆனாலும் இப்படிக் கேட்பவர்தான் நமக்கு வேண்டியவர் என்பது அன்று மாலைக்குள் புரிந்துவிட்டது.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வழக்கறிஞரை அமர்த்தி, கட்டணமும் கொடுத்து, தன்னால் ஆனதைச் செய்துவிட்ட எளிய கட்சிக்காரர், வழக்கறிஞரின் தவறுக்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் ரஃபிக் எதிர் முன்ஷிலால் வழக்கில் சொல்லியிருக்கிறது. என்னைப் போன்றவர்கள் பற்றிக்கொள்வது அந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் முழுப் பழியையும் வழக்கறிஞர் மீது சுமத்திவிட்டுக் கட்சிக்காரர் கையை விரித்துவிட முடியாது, தன் வழக்கைப் பற்றி அவருக்கும் விழிப்பு வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் பின்னாளில், 2024-இல்கூட, சொல்லியிருக்கிறது. ஆகவே, நான் மாதந்தோறும் விசாரித்தேன் என்பதற்குச் சான்று தேவைப்பட்டது. என் கைப்பேசியில் குமாஸ்தாவுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளும், அவர் தேதி சொல்லி அனுப்பிய பதில்களும் அழியாமல் இருந்தன. நாட்காட்டித் தாள்களோடு அவற்றையும் இணைத்தார். 214 நாள் தாமதத்துக்கான காரணமாக நடந்ததை நடந்தபடி எழுதிய பிரமாணப் பத்திரத்தை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பத்தியும் உண்மைதானா என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்கினார். கட்டணத்துக்கு ரசீது கொடுத்தார். தாக்கல் செய்த ஒவ்வொரு மனுவின் நகலும் அன்றே என் கைக்கு வந்தது. வெற்றி பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

முன்னவரிடமிருந்து வழக்கை மாற்றுவதற்கு அவருடைய ஆட்சேபணையின்மைக் கையெழுத்து வேண்டும் என்று பலர் பயமுறுத்துவார்கள். கேட்டுப் பெறுவதுதான் வழக்கம். ஆனால் அவர் தர மறுத்தால், நீதிமன்றத்தின் அனுமதியோடு பழைய வக்காலத்தை, அதாவது நமக்காக வழக்காட அவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, முடிவுக்குக் கொண்டுவர உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதியில் இடம் இருக்கிறது. என் வழக்கில் அப்படித்தான் செய்ய நேர்ந்தது. கட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கும் அவருக்கு உரிமையில்லை. கட்டணப் பாக்கி இருந்தாலும் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் நிறுத்திவைக்கக் கூடாது, பாக்கியை வசூலிக்க வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போன பத்தாவது நாள் குமாஸ்தாவே கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தாமத மனு எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தையும் தாண்டி, செலவுத் தொகை கட்டும் நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டது. அதன் பிறகு மீட்பு மனுவும். வழக்கு இப்போது மீண்டும் சாட்சி விசாரணைக் கட்டத்தில் இருக்கிறது. வழக்குக்குரிய 16 எழுத்தெண் கொண்ட சி.என்.ஆர். எண்ணைச் செயலியில் சேமித்துவிட்டேன். ஒவ்வொரு வாய்தா மாலையும் அடுத்த தேதியை நானே பார்த்துக்கொள்கிறேன். இந்தச் செயலிக்குக் கட்டணம் கிடையாது. வழக்குப் போட்டிருக்கும் யாராயினும், வழக்கு பதிவானதும் இந்த எண்ணைத் தர வேண்டும் என்று வக்காலத்தில் கையெழுத்திடும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். தாக்கலாகிப் பதிவான பிறகும் எண்ணைத் தராமல் "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்று இழுத்தால், அங்கே ஏதோ இருக்கிறது.

முதல் வழக்கறிஞர் மீது என்ன செய்யலாம் என்று பலர் கேட்டார்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. வழக்கறிஞர் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று மாற்றி, வராது என்று தீர்ப்பளித்தது. கவனக்குறைவால் நேர்ந்த நட்டத்துக்குச் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் ஒரு வழக்கை மீட்பதற்கே இவ்வளவு பட்டவனுக்கு இன்னொன்றைத் தொடங்கத் தெம்பில்லை. மீதமிருப்பது, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி மாநில வழக்கறிஞர் மன்றத்தில் புகார் கொடுப்பது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு குற்றம் கண்டால் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஓராண்டுக்குள் அந்தக் குழு முடிக்காவிட்டால் புகார் இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்குப் போய்விடும் என்றும் சட்டம் சொல்கிறது. என் பணம் இதனால் திரும்பாது. அது தெரிந்தேதான் புகாரை எழுதினேன்.

எல்லா வழக்கறிஞர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மேலே எழுதியிருப்பதே அதற்குச் சான்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாகத் தகராறுக்காக நான் போன முதிய வழக்கறிஞர் ஒருவர், வழக்கே வேண்டாம், ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு உங்கள் அண்ணனோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்லி, நோட்டீஸுக்கான கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார். வழக்குப் போட்டிருந்தால் அவருக்கு எத்தனை வருட வருமானம் அது! அவரிடம் கிடைத்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, எல்லோரும் அவரைப் போலத்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்ததும் இந்தக் கதையில் ஒரு பங்கு வகித்திருக்கிறது. இன்னொரு வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாமல் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டிருப்பவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.

திரும்பி வந்த கட்டை அன்றிரவே பிரித்துப் பார்த்தேன். ஒன்பது ரசீதுகளில் எட்டு இருந்தன. ஒன்பதாவது எங்கே என்று கேட்டு இன்னொரு பதிவுத் தபால் போயிருக்கிறது. அடியில், மடிப்புக் கலையாமல், நான் கையெழுத்திட மறுத்த அந்த மஞ்சள் காமாலைப் பிரமாணப் பத்திரமும் இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்கள் போலும். புகாரோடு அதை முதல் ஆவணமாக இணைத்திருக்கிறேன்.