ஐந்து அறை கெஸ்ட் ஹவுஸுக்கு ஏஐ: விக்ஸா, வேர்ட்பிரஸ்ஸா?

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் அக்காவும் அத்தானும் ஐந்து அறை கெஸ்ட் ஹவுஸ் ஒன்று நடத்துகிறார்கள். இணையத்தளத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றதும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வாரம், மாலை நேரங்களில், இணையத்தளம் கட்டும் கருவிகளான விக்ஸிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் ஒரே தளத்தைக் கட்டி, அவற்றின் ஏஐ எப்படி என்று பார்த்தேன். அதே வகையைச் சேர்ந்த ட்ருபலையும் தொட்டுப் பார்த்தேன். 2025 ஜனவரியில் வந்த ட்ருபல் சிஎம்எஸ்ஸில், தளத்தின் அமைப்பையே சாதாரண மொழியில் சொல்லிச் செய்விக்க ஏஐ ஏஜென்ட்கள் உண்டு. பல துறை, பல ஆசிரியர் உள்ள நிறுவனத்துக்குச் சரி. ஐந்து அறைக்கு அது துறைமுகத்துக் கிரேனைக் கொண்டுவந்து தேங்காய் பறிக்கிற கதை.

தொடங்கும் வேகத்தில் விக்ஸ் முன்னே நிற்கிறது. கேள்வி கேட்டுத் தளம் அமைத்துத் தரும் ஏடிஐ என்ற கருவியை 2016இலேயே கொண்டுவந்தவர்கள் அவர்கள். 2024இல் அது அரட்டை வடிவத்துக்கு மாறியது. என்ன தொழில், எந்த ஊர், முன்பதிவு வேண்டுமா என்று கேட்கும். தேநீர் ஆறுவதற்குள் பக்கங்கள் வந்து நிற்கும். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர்), பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பாடு. மாதாமாதம் டொலரில் கட்டுவது நம் பாடு.

சொந்த ஹோஸ்டிங்கில் போடும் இலவச வேர்ட்பிரஸ்ஸில் ஏஐ பெரும்பாலும் பிளகின் என்ற கூடுதல் மென்பொருள் வழியாகத்தான் வருகிறது. 2023இல் வந்த ஜெட்பேக் பிளகினின் ஏஐ உதவியாளர், எழுதும் இடத்திலேயே பத்தியைச் சுருக்கும், மொழிபெயர்க்கும். வேறு பிளகின் போட்டு, நாம் விரும்பும் ஏஐ மொடலின் ஏபிஐ கீயை (அந்த மொடலைப் பயன்படுத்த நமக்குத் தரும் இரகசியக் குறியீடு) கொடுக்கவும் முடியும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மொடல் வந்தபோது அதைச் செய்த ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், ஒரே தமிழ் வாசகம் 116 டோக்கனிலிருந்து (மொடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு) 35க்கு இறங்கியது. ஏபிஐயில் டோக்கன் கணக்கில்தான் காசு. கீ நம் கையில் இருந்தால் இப்படி மலிவான மொடல் வரும்போது மொடலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தளத்தில் கை வைக்கத் தேவையில்லை.

ஆனால் எந்த மொடல் எழுதித் தந்தாலும் அப்படியே போட்டுவிட முடியாது. ஒரு கருவியிடம் (பெயர் வேண்டாம்) திருமலைக்கு வரும் விருந்தினருக்கு வரவேற்புப் பத்தி கேட்டேன். ஏழுமலையானைத் தரிசித்து லட்டு வாங்கிச் செல்லுங்கள் என்றது. கோணேசர் கோபித்திருப்பார்! திருகோணமலை என்று முழுப்பெயர் கொடுத்ததும் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் ஒழுங்காக வந்தன. சரி, அது சிரிப்போடு போயிற்று. அடுத்த வரி அப்படியில்லை: கடலில் குளிக்க டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலமாம். அது தெற்கே மிரிஸ்ஸ, ஹிக்கடுவ பக்கத்துக் கணக்கு. டிசம்பரில் இங்கே வாடைக்காற்றும் மழையும். நிலாவெளியிலும் கடல் குமுறிக்கொண்டிருக்கும். எங்களுக்குச் சீசன் மே முதல் செப்டம்பர் வரை. கருவி சொன்னதை நம்பி ஒருவர் டிசம்பரில் வந்து புறாமலைத் தீவுக்குப் படகு கேட்டால், பேச்சு வாங்குவது அக்கா.

ஆகவே எழுதித் தரும் திறமையைவிடத் திருத்தும் வசதியைப் பார்த்தேன். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் பழைய பிரதிகளை வைத்திருக்கும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியது என்று பார்க்கலாம். விக்ஸின் தள வரலாறு முழுத் தளத்தையும் பழைய நிலைக்குத் திருப்பும். சீசன் வரியை மட்டும் மீட்க நினைத்தால், அதற்குப் பிறகு மாற்றிய மற்றவையும் கூடவே போய்விடும்.

வெளியேறும் வழியும் முக்கியம். வேர்ட்பிரஸ் தளத்தை அப்படியே தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் வைக்கலாம். விக்ஸில் கட்டியதை வேறெங்கும் கொண்டுபோய் ஓட்ட முடியாது. போக நினைத்தால் திரும்பவும் முதலிலிருந்து கட்ட வேண்டும். ஏஐ பத்து நிமிடத்தில் கட்டித் தருகிறதே என்பீர்கள். கட்டுவது பத்து நிமிடம்தான். அக்கா ஒவ்வொரு வரியாகத் திருத்தியதற்கு எத்தனை இரவு போனது என்று எனக்குத் தெரியும்.

என் ஓட்டு வேர்ட்பிரஸ்ஸுக்கு. அத்தானிடம் சொன்னேன். பிளகின் அப்டேட், பேக்கப் எல்லாம் யார் செய்வது என்றார். மருமகன் பார்த்துக்கொள்வான் என்றேன்.

“அவன் மாசியில கனடாவுக்குப் போறான்,” என்றார்.

விக்ஸ் கணக்கை இன்னும் அழிக்கவில்லை.