மீன்கூடைக்குப் போட்ட தெருவில் ஏழு மீட்டர் வண்டி

படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி நான்கு வருஷமாகிறது. 7 மீட்டர் நீளம், 2.9 மீட்டர் உயரம். எடை வரம்பு 3,500 கிலோ என்பதால் கார் லைசென்ஸே போதும். நானும் மனைவியும் இங்கிலாந்தின் பழைய கடலோர ஊர்களாகத் தேடித் தேடிப் போய்வந்தோம். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: அந்த ஊர்கள் வரைக்கும் போக இதைவிட நல்ல வண்டி கிடையாது, ஊருக்குள் நுழைய இதைவிட மோசமானதும் கிடையாது.

பாடம் கற்றது வடகிழக்குக் கடலோர ஊரான விட்பியில். யார்க்‌ஷர் மூர்ஸ் என்ற புதர்மேடுகளைத் தாண்டி ஏ169 சாலையில் வந்தால் ப்ளூ பேங்க் என்ற இறக்கம், ஐந்தடிக்கு ஓரடி சரிவு. இரண்டாம் கியரில் இறங்கும்போதே அலமாரி திறந்து சாம்பார்ப்பொடி டப்பா என் காலடிக்கு உருண்டு வந்தது. ஊருக்குள் போனால் எதிரே வேன், பின்னால் பஸ், சந்தில் நான். மீன்கூடை சுமந்தவர்கள் நடக்கப் போட்ட தெரு அது. அன்றிலிருந்து வண்டியை ஊருக்கு வெளியே, வாடகைக்கு இடம் தரும் கேம்ப்சைட்டில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

அப்படிச் செய்தால்தான் மோட்டார்ஹோமின் அருமை தெரிகிறது. பகல் கூட்டம் கிளம்பிய பிறகும் நாம் அங்கேயே இருக்கலாம். சாயங்காலம் 199 படிகளையும் ஏறினால் மேலே புனித மேரி தேவாலயம், அதையடுத்து இடிந்து நிற்கும் மடாலயம். 657-இல் ஹில்டா என்ற துறவி நிறுவிய மடம் இருந்த இடம். ஈஸ்டர் நாளை எப்படிக் கணிப்பது என்ற வழக்கு 664-இல் இங்கேதான் தீர்ந்தது. கீழே குட்டித் துறைமுகம். கேப்டன் குக் உலகம் சுற்றிய எண்டெவர், 1764-இல் இந்த ஊரில் நிலக்கரிக் கப்பலாகக் கட்டப்பட்டது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

விட்பிக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமம் ராபின் ஹுட்ஸ் பே. அங்கே வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். கடத்தல் சரக்கு வெளிச்சம் படாமல் வீட்டுக்கு வீடு கைமாறியே மேலே வந்துவிடும் என்று கதை சொல்வார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைப் பார்த்தால் கதையும் நம்பும்படிதான் இருக்கிறது. திரும்பி ஏறும்போது முழங்கால் பேசும்.

தெற்கே ரை என்ற ஊர். ஒரு காலத்தில் துறைமுகம், இப்போது கடல் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். மெர்மெய்ட் தெருவின் உருளைக்கல்லில் ஹீல்ஸ் வேண்டாம், அவ்வளவுதான்.

தென்மேற்குக் கடலோரத்தின் லைம் ரீஜிஸுக்கு மட்டும் குளிர்காலத்தில் போங்கள். புயல் மழைக்குப் பாறைச்சரிவு உதிர்ந்தால்தான் புதிய புதைபடிவங்கள் வெளியே வரும். புதைபடிவம் தேடிப் புகழ்பெற்ற மேரி ஆனிங், பன்னிரண்டு வயதில் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்த கரை. சரிவுக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள், அலையேற்ற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டர் புரொப்பேனாக இருக்கட்டும். நாங்கள் பியூட்டேனோடு போய், உறையும் குளிரில் அடுப்பு பற்றாமல் பிஸ்கட் தின்று படுத்தோம்.

இனி குறைகள். இரண்டாவது குளிர்காலத்தில் ஜன்னல் மூலையை விரலால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. விற்றவர் “சொட்டு ஈரம் கிடையாது” என்று சொல்லி விற்ற வண்டி. பழுதுபார்க்க ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆனது. ஈரமானி வைத்துப் பார்க்காமல் பழைய வண்டி வாங்காதீர்கள். டீசல் லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான். கேம்ப்சைட் வாடகையையும் சேர்த்தால், சிக்கனத்துக்காக வாங்குகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ட இடத்தில் இரவு தங்கவும் இங்கிலாந்தில் உரிமை கிடையாது, நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். கழிவு சேரும் டாய்லெட் கேசட்டைக் காலி செய்யும் வேலை யாருக்கு என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பேசவில்லை, அதனால் நான்தான்.

இதை விற்று 6 மீட்டருக்குள் ஒரு வேனாக மாற்றலாம் என்று போன மாதம் பேச்செடுத்தேன். “அந்த அடுப்பில் தோசைக்கல் உட்காருமா என்று பார்த்துவிட்டு வா” என்றாள் மனைவி.