சூப்பர்சிமெட்ரி ப்ராஜெக்ட்டுக்கு எந்த மாதிரி சரி?

புதுச்சேரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள், அதிலும் காலாப்பட்டுப் பக்கம் இருப்பவர்கள், ப்ராஜெக்ட் நெருங்கும்போது கேட்பது இதுதான்: "அண்ணா, சூப்பர்சிமெட்ரி எடுக்கிறேன். எந்த மாதிரியை வைத்துக் கணக்குப் போடட்டும்?"

தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் இன்னும் கண்ணில் படாத ஒரு கூட்டாளித் துகள் உண்டு என்பதுதான் சூப்பர்சிமெட்ரி. அதன் மிக எளிய கோட்பாட்டிலேயே புதிய அளவுருக்கள் (நிறை போன்ற, கோட்பாடே சொல்லாத எண்கள்) 100-ஐத் தாண்டும். அத்தனையையும் ஒன்றாக அலச முடியாது என்பதால்தான் சுருக்கிய மாதிரிகள் வந்தன.

பழையது சி.எம்.எஸ்.எஸ்.எம்., அதாவது கூட்டாளித் துகள்களின் நிறைகளை உயர் ஆற்றலில் ஒன்றாக்கிச் சுருக்கிய மாதிரி. நான்கு எண்கள், ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி, அவ்வளவுதான். 2001-இல் அமெரிக்காவின் ஸ்னோமாஸில் நடந்த கூட்டத்தில் உருவான எஸ்.பி.எஸ். 1ஏ புள்ளி (எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட ஒரு அளவுருத் தொகுப்பு) இந்த வகைதான். ஜெனீவா அருகே புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி. இயந்திரம் ஓடத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே அது அடிபட்டுப் போனது. 2012-இல் ஹிக்ஸ் துகளின் நிறை 125 ஜி.இ.வி. (துகள் நிறையின் அலகு; 1,000 ஜி.இ.வி. ஒரு டி.இ.வி.) என்று தெரிந்ததும் இந்த மாதிரிக்கு இன்னும் நெருக்கடி. உயர் ஆற்றலில் ஒன்றாக இருக்கும் நிறைகள் கீழே வரும்போது எப்படிப் பிரிகின்றன என்று கற்க இன்றும் நல்லது. தேடலுக்கு வேண்டாம்.

இப்போது அதிகம் புழங்குவது எளிமை மாதிரி: ஓரிரு துகள்களையும் ஒரே சிதைவு வழியையும் மட்டும் எடுத்துக்கொள்வது. உதாரணத்துக்கு, மோதலில் இரண்டு குளுயினோ (குளுவான் துகளின் கூட்டாளி) பிறக்கும். ஒவ்வொன்றும் இரண்டு குவார்க்காகவும், கருவியில் சிக்காத ஒரு நியூட்ராலினோவாகவும் (மின்சுமையற்ற கூட்டாளித் துகள்) சிதையும். நான்கு ஜெட் (குவார்க்கிலிருந்து கிளம்பும் துகள் கொத்து), கூடவே கணக்கில் வராத குறுக்கு உந்தம். இதில் குளுயினோவுக்கு 2 டி.இ.வி.க்கு மேல் வரம்பு கிடைத்திருக்கிறது, அதாவது அதைவிட லேசான குளுயினோ இல்லை என்று. ஆனால் அந்த எண்ணை அப்படியே தூக்கி எழுதிவிடாதீர்கள். குளுயினோ 100 சதவீதமும் இதே வழியில் சிதைகிறது, நியூட்ராலினோ லேசானது என்ற இரண்டு நிபந்தனைகள் அதற்குள் இருக்கின்றன. அந்த வழிக்குப் பாதி வாய்ப்புதான் என்றால், இரண்டு குளுயினோவும் அப்படியே சிதையும் நிகழ்வுகள் கால்வாசிதான். நியூட்ராலினோவின் நிறை குளுயினோவை நெருங்கினாலோ ஜெட்டுகள் வலுவிழந்து, சாதாரண மோதல்களின் பின்னணியில் கரைந்துவிடும். வரம்பும் வெகுவாக இறங்கும்.

மூன்றாவது, அந்த நூற்றுக்கும் மேற்பட்ட அளவுருக்களை 19 ஆகக் குறைத்த பி.எம்.எஸ்.எஸ்.எம். இதில் சிதைவுகள் கலந்தே வரும், இயற்கை அப்படித்தான் இருக்கும். எல்.எச்.சி.யின் முதல் ஓட்டத் தரவை வைத்து, அங்கே சோதனை நடத்தும் அட்லஸ் குழு 2015-இல் இதில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சோதித்தது. ஒரு லேப்டாப்பில் அது நடக்காது.

என் தேர்வு: எளிமை மாதிரியில் தொடங்குங்கள், வெளியான வரம்பு வளைவை நீங்களே மீட்டெடுத்துப் பாருங்கள். அப்புறம் பி.எம்.எஸ்.எஸ்.எம்.மிலிருந்து ஐந்தாறு புள்ளிகளை எடுத்து, அவற்றில் அந்த வரம்பு எவ்வளவு தளர்கிறது என்று கணக்கிடுங்கள். ப்ராஜெக்ட்டின் முக்கிய அத்தியாயமாக அதையே வையுங்கள்.