சைனஸ் லிஃப்டில் வைக்கப்படும் மாட்டெலும்புத் துகள்: ஒரு நோயாளியின் மதிப்புரை

மேல் கடைவாய்ப் பற்களை இழந்து ஆண்டுகள் பல கடந்தவர்களுக்கு, இம்ப்ளாண்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு) பொருத்த வேண்டிய இடத்தில் போதிய எலும்பு இருப்பதில்லை. கீழிருந்து தாடை எலும்பு கரைய, மேலிருந்து, மூக்கை ஒட்டி மேல்தாடைக்குள் இருக்கும் காற்றறையான சைனஸ் குழி இறங்கிவர, இடையில் எஞ்சுவது சில மில்லிமீட்டர்தான். 1970களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டாட்டம் செய்யத் தொடங்கி, 1980இல் பாய்ன், ஜேம்ஸ் இருவரும் கட்டுரையாக வெளியிட்ட சைனஸ் லிஃப்ட் அறுவை, அக்குழியின் மெல்லிய சவ்வைக் கிழியாமல் உயர்த்தி, அதன் அடியில் எலும்பு வளர இடம் உண்டாக்குகிறது. அந்த இடத்தில் எனக்கு வைக்கப்பட்டது பயோ-ஆஸ் என்னும் மாட்டெலும்புத் துகள். இம்ப்ளாண்டும் பல்லும் பொருத்தி முடித்த பிறகு இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

ஸ்விட்சர்லாந்தின் கைஸ்ட்லிக் நிறுவனம் தயாரிக்கும் இத்துகள், மாட்டெலும்பிலிருந்து புரதம் முதலான கரிமப் பொருள்களை நீக்கி, கனிமச் சட்டகத்தை மட்டும் எஞ்சவிட்டுச் செய்யப்படுவது. 0.25 முதல் 1 மி.மீ. வரை சிறு துகளாகவும், 1 முதல் 2 மி.மீ. வரை பெருந்துகளாகவும் கிடைக்கிறது. உப்புநீரிலோ நோயாளியின் இரத்தத்திலோ நனைத்து உள்ளே வைக்கிறார்கள். இது தானாக எலும்பாக மாறிவிடும் பொருள் அன்று; கொடி படரப் பந்தல் நிற்பதுபோல், சுற்றியுள்ள எலும்புச் சுவரிலிருந்து வரும் இரத்தக்குழாய்களும் எலும்பு உயிரணுக்களும் ஊர்ந்து ஏற இடம் தருகிறது, அவ்வளவே.

இதன் தலையாய நற்பண்பு, வைத்த உயரம் குறையாமல் நிற்பது. நோயாளியின் சொந்த எலும்பை எடுத்து வைத்தால் அதில் உயிரணுக்கள் உண்டு என்பது மெய்தான். ஆனால் அது விரைவாகக் கரைந்து, மூச்சுக் காற்றின் அழுத்தத்தில் குழி மீண்டும் கீழிறங்க இடம் கொடுத்துவிடுகிறது. மாட்டெலும்புத் துகளோ 10 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த திசு மாதிரிகளிலும் காணப்படுகிறது.

ஆனால் இந்த நற்பண்பே நோயாளியை ஏமாற்றவும் கூடும். அறுவை முடிந்தவுடன் எடுத்த சிபிசிடி ஸ்கேனில் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படத்தில்) குழியின் அடிப்பகுதி வெள்ளை வெளேரென்று தெரிந்தபோது, எலும்பு வந்துவிட்டதாகவே எவரும் மகிழ்வார்கள். அன்று தெரிவது முழுக்க முழுக்கத் துகள். புது எலும்பு ஒரு துளியும் அதில் இல்லை. ஆறு மாதம் கழித்து எடுக்கும் படமும் ஏறக்குறைய அதே வெண்மையைக் காட்டும் என்றாலும், உள்ளே நடந்திருப்பது வேறு: நுண்ணோக்கியில் பார்த்தால் பொதுவாகக் கால் பங்கை ஒட்டிய அளவே புது எலும்பு, மற்றது எஞ்சிய துகளும் மென்திசுவும். இம்ப்ளாண்டைத் தாங்க அது போதுமானது என்பதை நெடுங்கால அனுபவம் காட்டியிருக்கிறது. எனினும், வெண்மையை மட்டும் நம்பி அவசரப்படுத்தும் நோயாளி தன் முதலீட்டைத் தானே கெடுத்துக்கொள்கிறார். புது எலும்பு சுவர்களிலிருந்து நடுவை நோக்கி வளர்வதால், குறுகிய குழியில் அது விரைவாகவும் அகன்ற குழியில் தாமதமாகவும் நிறைகிறது. ஆகவே ஆறு முதல் ஒன்பது மாதம் வரை பொறுக்கச் சொல்வது மருத்துவர் நாளைக் கடத்துவதாகாது. அக்காலத்தில் புகைப்பது இந்த வளர்ச்சிக்கு நேர் எதிரி. முதல் சில வாரங்களில் மூக்கைப் பலமாகச் சிந்துவதும் வாயை மூடிக்கொண்டு தும்முவதும் சவ்வைக் கிழித்துத் துகளை இடம்பெயர்த்துவிடக்கூடும்.

எனக்குள்ள குறை பொருளின் மீது அன்று, அதை விளக்கிய முறையின் மீது. நான் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் "எலும்புப் பொடி" என்ற சொல்லோடு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அது மாட்டினுடையது என்பதோ, சைனஸ் குழியை எட்ட எலும்புச் சுவரில் வெட்டிய சன்னலை மூடும் கொலாஜன் என்னும் புரதச் சவ்வு பன்றியிலிருந்து பெறப்பட்டது என்பதோ நானே கேட்ட பிறகுதான் தெரிந்தது. சமயத்தாலோ கொள்கையாலோ இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் துகள்கள் மாற்றாக உண்டு. கேளாமலே சொல்ல வேண்டிய செய்தி இது.

எஞ்சிய எலும்பு மிகக் குறைவாக இருந்து, உயரத்தை உறுதியாக நிலைநிறுத்த வேண்டியவர்களுக்கு இப்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எலும்பு 5 மி.மீ. அளவாவது இருந்து, அதே அமர்வில் இம்ப்ளாண்டையும் பொருத்த முடிகிறவர்கள் வேறொரு வழியையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்: இம்ப்ளாண்டின் நுனியே சவ்வைத் தாங்கி நிற்க, அடியில் தேங்கும் இரத்தக்கட்டியிலிருந்தே எலும்பு உருவாகும் அம்முறையில், உயரம் சற்றுக் குறைவாகக் கிடைத்தாலும், எந்தத் துகளுக்கும் தேவை இருப்பதில்லை.