கொப்பன் காலநிலைச் சுவர்ப்படம்: மலையக வகுப்பறைக்குப் பொருந்துமா?

ஹட்டன் நகரப் புத்தகக் கடையொன்றில் எங்கள் பாடசாலைக்காக வாங்கிய உலகக் காலநிலைச் சுவர்ப்படத்தில் முதலில் பாராட்ட வேண்டியது அதன் விளக்கக் குறிப்பு. ரஷ்யாவில் பிறந்த ஜெர்மானிய அறிஞர் விளாடிமிர் கொப்பன் 1884இல் தொடங்கிப் பலமுறை திருத்தியதும், பின்னர் ருடோல்ஃப் கைகர் புதுப்பித்ததுமான பாகுபாடே இதற்கு அடிப்படை. நிறங்களுக்குப் பெயரிடுவதோடு நில்லாமல், ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய எல்லை அளவையும் தந்திருக்கிறார்கள். மிகக் குளிரான மாதத்தின் சராசரி வெப்பநிலைகூட 18 பாகை செல்சியசுக்குக் குறையாவிட்டால் 'ஏ' எனும் அயனக் காலநிலை. மிக வெப்பமான மாதமே 10 பாகையை எட்டாவிட்டால் 'ஈ' எனும் முனைவுக் காலநிலை. 'பீ' எனும் வறள் காலநிலையைத் தீர்மானிக்க மழையளவு மட்டும் போதாது, வெப்பத்தையும் மழை பெய்யும் பருவத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்ற, மாணவர் பெரும்பாலும் தவறவிடும் நுணுக்கமும் தெளிவாக இருக்கிறது.

இலங்கையைத் தேடும்போதுதான் ஏமாற்றம். தீவின் தென்மேல் பகுதி முழுவதும், மலைநாடு உட்பட, கொழும்புக்குரிய 'ஏ' நிறத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், 16 பாகையளவு ஆண்டுச் சராசரி கொண்ட நுவரெலியா, கொப்பனின் கணக்கில் 'சீஎஃப்பீ', அதாவது ஆண்டு முழுதும் மழை பெறும் மிதமான காலநிலை; லண்டனின் வகையும் இதுவே. உலகப் படத்தில் அவ்வளவு சிறிய புள்ளியைக் காட்டுவது கடினந்தான். ஆனாலும் மூலையில் இலங்கைக்கென ஓர் உள்வரைபடம் சேர்த்திருக்கலாம். பசிபிக் சமுத்திரத்தில் இடத்துக்கா பஞ்சம்?

நிறத்தைத் திருத்தினாலும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டியது மிஞ்சும். லண்டனில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையில் மாதச் சராசரி பத்துப் பாகைக்கு மேல் மாறுகிறது. நுவரெலியாவில் அது மூன்று பாகையளவே. ஆயினும் இங்கே தைமாத இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதுண்டு. மாதச் சராசரியில் இவ்வகை இரவுகள் தென்படுவதில்லை. அதைவிட முக்கியமானது மலையின் இருபுறமும் பருவங்கள் எதிரெதிராக நடப்பது. தென்மேல் பருவக்காற்று ஹட்டன் பக்கத்தை நனைக்கும் மாதங்களில், அதே காற்று மலையைக் கடந்து உலர்ந்து, கச்சான் எனும் வறண்ட காற்றாக மலையின் கிழக்குப் பக்கமான ஊவாவில் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் தரமான பருவமும் அப்போதுதான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைப் பகுதியான டிம்புள்ளவுக்கோ அந்தத் தரமான பருவம் ஆண்டின் முதல் மாதங்களில் வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்த இந்த வேறுபாட்டை விளக்க, ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெற்றால் ஈரவலயம், 1,750க்குக் குறைந்தால் உலர்வலயம் என மழையாலும், 300, 900 மீற்றர் எல்லைகளால் உயரத்தாலும் பிரிக்கும் நம் நாட்டுப் பாகுபாடே உதவுகிறது.

அச்சு நன்று, எழுத்து பின்வரிசை வரை தெரிகிறது. தாள் மெல்லியது; மூடுபனி நுழையும் வகுப்பறையில் லெமினேட் செய்யாமல் மாட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. தரம் 10, 11 வகுப்புகளுக்கு இதை வாங்கலாம். பக்கத்திலேயே இலங்கையின் வேளாண் காலநிலை வலயப் படம் ஒன்றையும் மாட்டிவிடுவது நல்லது.