ரைப்பை எழுதுவதா, கம்பைலரிடம் விடுவதா: சில போகங்கள் கடந்த அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்காக நெல் கொள்வனவுக் கணக்கை ரைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் எழுதி, சில காலபோகங்களாகப் பராமரித்து வருகிறேன். ரைப்பை, அதாவது ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்ற வகையை, நாமே எழுத வேண்டுமா, நிரலைச் சோதித்து மாற்றித் தரும் கம்பைலரே ஊகிக்கட்டுமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: பங்ஷனுக்குள்ளே (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஊகிக்க விடுங்கள், அதன் வாசலில், அதாவது அது எதை வாங்கி எதைத் தரும் என்று சொல்லும் தலைப்பில், எழுதுங்கள்.

உள்ளே எழுதுவது வீண் வேலை. மூட்டை = 40 என்று போட்ட பிறகு அது எண் என்று யாருக்குச் சொல்ல வேண்டும்? 2018இல் யாவா மொழியின் 10ஆம் பதிப்பில், ரைப்பை எழுதாமல் ஊகிக்க விடும் 'வார்' வந்தபோதும் அதை பங்ஷனுக்குள் இருக்கும் மாறிகளுக்கு மட்டும்தான் அனுமதித்தார்கள். ரஸ்ற் மொழியிலும் பங்ஷனின் தலைப்பில் ரைப் கட்டாயம். ஹாஸ்கெல் மொழி தலைப்பையும் பெரும்பாலும் தானே ஊகித்துவிடும், ஆனாலும் அதில் எழுதுபவர்கள் வழக்கமாகத் தலைப்பை எழுதியே வைக்கிறார்கள்.

வாசலில் எழுதாவிட்டால் என்ன நடக்கும்? தராசடியில் நிற்கும் பெடியன் எடையை அடிக்கும் பெட்டியிலிருந்து எடுக்கும் 'வேல்யூ' எப்போதும் ஸ்ட்ரிங்தான், அதாவது எண்ணல்ல, எழுத்துத் தொடர். அதில் 1250 இருக்க, முன்பு நிறுத்த 40 கிலோவை '+' போட்டுக் கூட்டினால் 1290 வராது, 125040 வரும். ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் ஒட்டுவது சட்டப்படி சரி என்பதால் ரைப்ஸ்கிரிப்ட் வாய் திறக்காது. பங்ஷனின் விடை ஸ்ட்ரிங் என்று தானே ஊகித்துக்கொண்டு போய்விடும். வேறொரு கோப்பில் அதைக் கிலோ விலையால் பெருக்கும் இடத்தில்தான் சிவப்புக் கோடு விழும். திரையில் காட்டுவதோடு நின்றுவிட்டால் அதுவும் விழாது. அதே பங்ஷனின் தலைப்பில் ': நம்பர்' என்று ஒரு சொல் இருந்தால், பிழை பிறந்த வரியிலேயே பிடிபடும்.

எழுதினாலும் காக்காத இடம் ஒன்றுண்டு. வெளியிலிருந்து எழுத்து வடிவில் வரும் தரவான ஜேசனைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது 'எனி', அதாவது எதுவாகவும் இருக்கலாம் என்ற ரைப். அதற்கு நீங்கள் எந்த ரைப்பை ஒட்டினாலும் கம்பைலர் நம்பிவிடும், நிரல் ஓடும்போது அந்த ரைப் இருக்கவே இருக்காது. ஈரப்பதம் எண்தான் என்று எழுதிவைத்திருக்க, பழைய எக்செல் கோப்பிலிருந்து '14%' என்று வந்து இறங்கும். அங்கே ஓடும் நேரத்துச் சோதனை ஒன்றை எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று, ஆட்கள் அதிகம் பேசாதது. ஏ9 வீதியில் வவுனியா பஸ்ஸில் இருந்துகொண்டு போனில் மற்றவர் எழுதிய நிரலைப் பார்க்கும்போது, மவுஸை மேலே வைத்து ரைப்பைக் காட்டு என்று கேட்க முடியாது. தலைப்பில் எழுதியிருந்தால் மாங்குளம் வருவதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

இப்போது நிரலை விதிப்படி சோதிக்கும் கருவியான ஈஎஸ்லின்ற்றில் இரண்டு விதிகளையும் போட்டு வைத்திருக்கிறேன்: வேறு கோப்புகளுக்கு வெளியே கொடுக்கும் பங்ஷனுக்கு ரைப் இல்லாவிட்டால் பிழை, வெளிப்படையாகத் தெரிவதற்கு ரைப் எழுதினாலும் பிழை. யாவாவில் பழகி வரும் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் எரிச்சல்.