சாம்பா: மாங்காய் மண்டிக் கணக்கு ஒரே இடத்தில்

எங்கள் வீடு கிருஷ்ணகிரியில். அப்பாவின் மாங்காய் மண்டிக் கணக்கு முழுக்க அவருடைய விண்டோஸ் 11 ப்ரோ லேப்டாப்பில், எக்செல்லில் இருந்தது. என் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட், அதில்தான் 1 டிபி டிஸ்க். நடுவில் பென்டிரைவ். போன சீசனில் ஒரே கணக்கு மூன்று நகலாகி, எது கடைசி என்று தெரியாமல் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரசீதுகளோடு ஒத்துப் பார்த்தோம். அப்புறம்தான் லினக்ஸ் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸிலும் திறக்க உதவும் சாம்பா என்ற மென்பொருளை என் டெஸ்க்டாப்பில் போட்டேன்.

இலவசம். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர விண்டோஸ் பேசும் எஸ்எம்பி முறையையே லினக்ஸும் பேசும்படி செய்கிறது, அதனால் அப்பாவின் லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் ஒரு எழுத்து சிதையாமல் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சிக்கல் பாஸ்வேர்டில்தான். லினக்ஸில் லாகின் செய்யும் பாஸ்வேர்டை சாம்பா எடுத்துக்கொள்ளாது, அதற்கென்று smbpasswd என்ற கட்டளையில் தனியாக ஒன்று போட வேண்டும். இது தெரியாமல் ஒரு சாயங்காலமே போனது. பாஸ்வேர்டே வேண்டாம் என்று கெஸ்ட்டாகத் திறந்து வைத்தால் 24எச்2 பதிப்பு வந்த விண்டோஸ் 11 ப்ரோ உள்ளே போகவே விடாது. எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், 2017-இல் வானாக்ரை என்ற வைரஸ் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

விண்டோஸின் நெட்வொர்க் பக்கத்தில் என் டெஸ்க்டாப் தெரியவில்லை. அட்ரஸ் பாரில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் எண்ணான 192.168.1.20 என்று அடித்ததும் திறந்துவிட்டது. அந்த எண் மாறாமல் இருக்க ரூட்டரிலேயே நிலையாகக் கொடுத்து, லேப்டாப்பில் இசட் டிரைவாக வைத்துவிட்டேன், இப்போது அப்பாவுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான்.

வேகம் உங்கள் ரூட்டரைப் பொறுத்தது. எங்களுடையதில் 100 எம்பிபிஎஸ் போர்ட், கேபிளில் நொடிக்கு 11 எம்பி வருகிறது. அக்கா கல்யாண வீடியோ 10 ஜிபி, கால் மணி நேரத்தில் ஏறிவிட்டது. பழைய பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற வடிவத்தில் இருந்ததால், 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை வாங்காமல் அடம்பிடித்தது.

5-க்கு 4 கொடுப்பேன். கரண்ட் போய் டெஸ்க்டாப் அணைந்தால் இசட் டிரைவும் போய்விடும், அதனால் யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். ஒரே கணக்கை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்து சேமிக்காதீர்கள். எக்செல் திறக்கும் முன் அப்பா இப்போதெல்லாம் கூடத்திலிருந்து ஒரு குரல் கொடுத்துவிடுகிறார்.